விரல் இடுக்கில் ஒரு கண் சோதனை

சென்ற மாதம் ஒரு காலை, மொன்றியலில், பார்க் எக்ஸ்டென்ஷனில் என் சமையலறையில் இருந்தபடியே ஒரு கண் டொக்டருக்கு எதிரே உட்கார்ந்தேன். கண் என்னுடையதல்ல — குணத்தினுடையது.

குணம் திருகோணமலைக்காரன். மொன்றியலுக்கு வெகு வடக்கே ஒரு சுரங்க முகாமில் சமையல் வேலை. அங்கே நர்ஸ் ஒருவர் உண்டு. கண் டொக்டரிடம் போக விமானம் ஏறவேண்டும். அதனால் மொன்றியல் டொக்டர் திரையில் வந்தார். குணத்துக்குப் பிரெஞ்சு வராது. மொழிபெயர்க்க நான்... டவுன்டவுன் ரெஸ்டோரண்ட் கிச்சனில் பொறுக்கிய பிரெஞ்சு! வாடிக்கையாளர் எட்டிப் பார்த்தாலே பாத்திரத்துக்குள் தலையை விடுகிற ஆள் நான். அவ்வளவு கூச்சம்!

சற்று முன்புதான் குணம் என்னிடம் சொல்லியிருந்தான்: "அண்ணை, இடது கண்ணில கறுப்புத் திரை விழுந்த மாதிரிக் கிடக்கு. மின்னல் வேற வெட்டுது."

கண்ணுக்கு என்ன என்று டொக்டர் கேட்டார்.

"பரவாயில்லை எண்டு சொல்லுங்கோ" என்றான் குணம்.

"டேய், திரை விழுகுது எண்டாய்?"

"கொஞ்சம்தான் அண்ணை. பாவம், அந்த மனுசன் எவ்வளவு மரியாதையாக் கேக்கிறார்..."

நாம் அப்படித்தானே? வயிற்றைப் பிடித்துக்கொண்டு போவோம். டொக்டர் நலம் கேட்டதும், "நல்ல சுகம்" என்போம்! நானும் "பரவாயில்லையாம்" என்றேன்.

"நர்ஸ் அனுப்பிய படத்தில் கண்ணின் முன்பக்கம் சுத்தமாக இருக்கிறது. உள்ளே விழித்திரை கழன்றிருந்தால்தான் ஆபத்து. தாமதித்தால் பார்வை போய்விடும். வலது கண்ணை மூடச் சொல்லுங்கள்" என்றார் டொக்டர்.

நர்ஸ் விரல்களை நீட்டினார்.

"ரெண்டு... நாலு... ஒண்டு."

முழுப் புள்ளி! அடுத்த கிழமை பார்க்கலாம் என்று டொக்டர் குனிந்து எழுத ஆரம்பித்தார்.

அப்போதுதான் கவனித்தேன். வலது கண்ணை மூடிய கையில் விரல்கள் விரிந்திருந்தன. நல்ல கண் இடுக்கால் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது. பக்கவாட்டில் நின்ற நர்ஸுக்கு அது தெரியவில்லை.

அடுத்த கிழமையா?

"நோன்!"

'இல்லை' — பிரெஞ்சில் நான் உரக்கச் சொன்ன முதல் சொல் அதுதான். திரை, மின்னல், விரல் இடுக்கு — எல்லாவற்றையும் கொட்டினேன். சொல் வராத இடத்தில் என் கண்ணைப் பொத்தி நடித்தும் காட்டினேன்.

"அண்ணை! மானம் போகுது!"

"மானத்தைப் பேந்து பாப்பம். கண் போனா?"

அன்றே மொன்றியலுக்கு விமானம். மறுநாள் ஆபரேஷன். விழித்திரை கழன்றுதான் இருந்ததாம்.

எவ்வளவு தூரத்தில் இருக்கும் கண்ணையும் பார்க்க மெஷின் வந்துவிட்டது. நம் கூச்சத்தைப் பார்க்கத்தான் இன்னும் ஒன்றும் வரவில்லை...

போன கிழமை மொன்றியல் ஆஸ்பத்திரியில் மறுசோதனைக்கு அவனோடு கூடவே போனேன். "என்னைப் பெயிலாக்கின ஆள் வாறார்" என்றான் குணம். நர்ஸ் விரல்களை நீட்டினார். "மூண்டு" என்றான். மூன்றேதான்!

நல்ல கண்ணைப் பொத்த அவன் கையை நம்பவில்லை, பிளாஸ்டர் ஒட்டியிருந்தார்கள். வடக்கிலிருந்து குறிப்பு வந்து சேர்ந்துவிட்டது போலிருக்கிறது!