நாற்பது விநாடித் தாமதம்

எங்கள் கட்டுப்பாட்டு அறைச் சுவரில் இரண்டு டிவிகள் அடுத்தடுத்து மாட்டியிருக்கின்றன. இடப்பக்கத்து டிவியின் கீழே ‘இங்கே’ என்றும், வலப்பக்கத்து டிவியின் கீழே ‘ஊட்டுல’ என்றும் வெள்ளை டேப்பில் நீல மையால் எழுதி ஒட்டியிருக்கிறது. இரண்டும் எனக்கு மேலதிகாரியாக இருந்த மேடத்தின் கையெழுத்து. முதலில் ‘வீட்டில்’ என்றுதான் எழுதினார், ஆத்தூர்ப் பக்கத்துக்காரர் அல்லவா. எங்கள் பரமத்தி வேலூரில் அப்படி யார் பேசுகிறார்கள் என்று நான் சீண்டிக்கொண்டே இருந்ததில், அன்று மாலையே அதை உரித்துவிட்டுப் புதிதாக ஒட்டினார். கேமராவில் விழுவது அப்போதைக்கப்போதே இடப்பக்கத்து டிவியில் தெரியும். அதே படம் இணையம் வழியாக ஊராரின் வீடுகளுக்குப் போவது வலப்பக்கத்தில் தெரியும். இரண்டுக்கும் நடுவில் அப்போதெல்லாம் நாற்பது விநாடி இடைவெளி இருந்தது.

நான் கேபிள் காலத்து ஆள். கம்பத்தில் ஏறி ஒயர் இழுத்தே இருபது வருடம் ஓட்டியவன். பழைய ஒயரைக் கழற்றிவிட்டு ஃபைபர் போட்டு, இணையத்திலேயே டிவி கொடுப்பது என்று முதலாளி முடிவெடுத்தபோதுதான் மேடம் பொறுப்பாளராக வந்தார். என்னைவிடப் பதினைந்து வயது சின்னவர். எனக்கு மூஞ்சி சுண்டிப்போயிற்று, அதை மறைக்கவும் இல்லை. எதற்கு நாற்பது விநாடி, கேபிளில் உடனே வந்துகொண்டிருந்ததே என்று எல்லார் முன்னாலும் கேட்டேன். அவர் கோபப்படவில்லை. மொட்டை மாடித் தொட்டியில் தண்ணீர் கொஞ்சம் நிற்பதால்தான் மோட்டார் நின்றாலும் குழாயில் தண்ணீர் வருகிறது, அதுபோல நாற்பது விநாடிப் படத்தை நம் சர்வரில் தேக்கி அனுப்பினால் லைன் தடுமாறினாலும் வீட்டில் படம் நிற்காது என்றார். படம் நிற்கக் கூடாது, அவருக்கு அது ஒன்றுதான். அவர் வந்த பிறகு ஒரு தேர்த் திருவிழாவோ கும்பாபிஷேகமோ எங்கள் சேனலில் நடுவில் நின்றதில்லை. அந்த வகையில் அவர் கெட்டிக்காரர் என்பதை நான் உள்ளுக்குள் எப்போதோ ஒப்புக்கொண்டுவிட்டேன். வாய்விட்டுச் சொன்னதில்லை.

அப்படி இருக்கையில்தான் ஊரின் பழைய தலைமையாசிரியை இறந்துபோனார். பாதி ஊருக்கு எழுத்துச் சொல்லிக்கொடுத்தவர் என்பதால், இறுதி ஊர்வலத்தை நேரலையாகக் காட்டச் சொன்னார் முதலாளி. டீச்சருக்கு ஒரே மகன். ரிக் வண்டியோடு போய் சத்தீஸ்கரில் எங்கோ ஒரு காட்டோரம் போர்வெல் போட்டுக்கொண்டிருந்தார். எப்படிக் கிளம்பினாலும் வந்து சேர இரண்டு நாள் ஆகும். உடலை அதுவரை வைத்திருக்க முடியாது, எடுத்துவிடுங்கள், நான் போனிலேயே பார்த்துக்கொள்கிறேன் என்று அவரே சித்தப்பாவிடம் சொல்லிவிட்டாராம். அவர் கேட்டது ஒன்றே ஒன்று. அம்மாவின் முகத்தைக் கடைசிவரை காட்ட வேண்டும்.

கேமராவோடு நான் போனேன். கிளம்பும்போது மேடம் தெளிவாகச் சொன்னார். “அண்ணா, அவரு லைவ் பாக்கும்போது யாரும் போன்ல பேச வேண்டாம். போன் உடனே போயிடும், படம் பின்னாடிதான் வரும். ரெண்டும் ஒண்ணா சேராது.” தலையாட்டினேன். ஆனால் ஊர்வலம் பாதி வழி வருவதற்குள் மகன் எனக்குக் கூப்பிட்டார். மேளச் சத்தத்தில் யார் பேசுவதும் கேட்கவில்லை, உங்கள் போனையாவது திறந்து வையுங்கள் என்றார். எப்படி மறுப்பது? ஸ்பீக்கரில் போட்டுச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன். இந்தப் பெண்ணுக்கு எல்லாவற்றிலும் ஒரு சட்டம் என்று மனதுக்குள் முணுமுணுத்தது இப்போதும் நினைவிருக்கிறது.

காவிரிக்கரைச் சுடுகாட்டில் சிதையின் மேல் கிடத்தி, முகத்தை மட்டும் திறந்து வைத்திருந்தார்கள். சடங்கு செய்பவர் வழக்கம்போல மூன்று தடவை குரல் கொடுத்தார். “கடைசியா மொகம் பாக்கறவங்க பாத்துக்குங்க.” மூன்றாவது குரல் அடங்கியதும் வரட்டியை வைத்து முகத்தை மூடிவிட்டார்கள். நின்றவர்கள் எல்லாரும் ஓவென்று அழுதார்கள். அந்த அழுகை என் சட்டைப்பை வழியாகச் சத்தீஸ்கருக்கு உடனே போய்விட்டது. அவர் போனில் ஓடிய படத்திலோ டீச்சர் இன்னும் முகம் திறந்தே கிடந்தார்.

“ஏனுங்க, மூடிட்டாங்களா? எனக்கு அம்மா மொகம் இன்னும் தெரியுதுங்களே” என்றார். நாற்பதில் எத்தனை விநாடி போயிற்று என்று எனக்குத் தெரியவில்லை. “மூட உடாதீங்க சாமி, கொஞ்சம் நிறுத்தச் சொல்லுங்க” என்று கெஞ்சினார். என் காதில் மாட்டியிருந்த கருவியில் மேடம் எப்போதும் இருப்பார். போனைத் திறந்து வைத்ததையும் அவர் கேட்பதையும் திக்கித் திக்கிச் சொன்னேன். மேடம் என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. “நிறுத்திட்டேன்ணா. அவருக்கு எப்பப் போதுமோ அப்பச் சொல்லச் சொல்லுங்க” என்றார்.

ஊர் முழுக்க எல்லா டிவியிலும் டீச்சரின் முகம் அப்படியே நின்றது. கட்டுப்பாட்டு அறையில் போன் மேல் போன். படம் நின்றுவிட்டது, என்ன லைன் வைத்திருக்கிறீர்கள் என்று ஆளுக்கு ஆள் ஏசினார்களாம். மேடம் எல்லாரிடமும் எங்கள் தப்புதாங்க என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தாராம். இங்கே என் சட்டைப் பைக்குள் அந்த மகன் தன் அம்மாவிடம் பேசிக்கொண்டிருந்தார். என்ன பேசினார் என்பதை நான் எழுதப் போவதில்லை. என் முன்னால் சிதை எரிந்துகொண்டிருந்தது. நெடுநேரம் கழித்து, “போதுங்க, உட்ருங்க” என்றார்.

மறுநாள் முதலாளி வானத்துக்கும் பூமிக்கும் குதித்தார். பழுதுப் பதிவேட்டில் மேடம் ‘என் கவனக்குறைவு’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். அந்த அறையில்தான் நானும் நின்றிருந்தேன். சொல் பேச்சுக் கேட்காமல் போனைத் திறந்து வைத்தது நான்தான் என்று சொல்ல வாய் வரவில்லை. வயதுக்கு மூத்தவன், வேலைக்கு மூத்தவன், அந்த வறட்டு வீறாப்பு. வெளியே வந்ததும் மேடம், டீ குடிக்கப் போலாமாண்ணா என்று கேட்டார். போனேன். அங்கேயும் சொல்லவில்லை. பிறகு அவர் உடம்புக்கு முடியாமல் ஊரோடு போய்விட்டார். நன்றாகி வரட்டும், நேரில் சொல்லிக்கொள்ளலாம் என்று தள்ளிப்போட்டேன்.

அவர் இடத்தில் இப்போது நான் உட்கார்ந்திருக்கிறேன். போன பங்குனியில், தேர் நேரலை ஓடிக்கொண்டிருந்த காலையில், மேடம் தவறிவிட்ட செய்தி வந்தது. நாற்காலியை விட்டு நகர முடியாத வேலை. வர முடியாதவர்களுக்காக அவருடைய தம்பி அனுப்பியிருந்த இறுதிச் சடங்கின் நேரலை இணைப்பைப் போனில் திறந்து, அந்த இரண்டு டிவிகளுக்கும் கீழே மேசைமேல் நிறுத்தி வைத்தேன். மெலிந்துபோன முகம். அன்று சுடுகாட்டில் கேட்ட அதே அழைப்பு மூன்று தடவை வந்தது, முகம் பார்க்கிறவர்கள் பார்த்துக்கொள்ளச் சொல்லி. மேடம், போனைத் திறந்து வைத்தது நான்தான் என்று சொல்லத் தொடங்கினேன். முடிப்பதற்குள் மூடிவிட்டார்கள். படம் ஒரு நொடிகூட நிற்கவில்லை.