படலையின் வயது

எழுதத் தெரிந்தவர்கள் இருக்க நான் எழுத வந்ததற்குப் பொறுத்துக்கொள்ளுங்கள். சாதாரண தரப் பரீட்சையோடு படிப்பை விட்டவள். நாலு பேர் கூடிய இடத்தில் வாய் திறக்கவும் எனக்குக் கூச்சம். அந்தக் கூச்சத்தால் வந்த வினையைத்தான் சொல்லப்போகிறேன்.

பண்டத்தரிப்புப் பக்கம் ஒரு ஒழுங்கையில் எங்கள் வீடு. வாசலில் சங்கடப்படலை, அதாவது ஓட்டுக் கூரை போட்ட நுழைவாயில். போகிற வருகிறவர்கள் மழைக்கு ஒதுங்கி இருக்க இரண்டு பக்கமும் குந்து கட்டியிருக்கிறது. நடுவில் ஒரு ஆள் சைக்கிளை உருட்டிக்கொண்டு போகலாம். ஓட்டோ போகாது. மற்ற மூன்று பக்கமும் அயலவரின் மதில்.

போன வருடம், ஊரின் பழைய தோற்றத்தைக் காப்பாற்ற விதிகள் எழுதுகிறோம் என்று பிரதேச சபையிலிருந்து ஒரு பெண் அதிகாரி வந்தார். வருகிறார் என்று முதல்நாளே தெரியும். வீட்டுக்கு ஆட்கள் வந்தால் செய்வதைத்தான் செய்தேன். படலைக்குச் சுண்ணாம்பு அடித்து, குந்தைக் கழுவி, மாவிலையும் கட்டினேன்.

“அக்கா, இது நூறு வருசத்துப் படலை என்ன?” என்றார் அவர், தேநீரைக் குடித்தபடி.

வீடு தேடி வந்தவர் புகழும்போது மறுத்துக் கதைக்க எனக்கு வராது. சிரித்தேன். அவர் எழுதிக்கொண்டார்.

உண்மையில் அதைக் கட்டியவர் என் கணவர். யுத்தத்தால் இடம்பெயர்ந்து திரும்பி வந்தபோது பழைய படலையில் ஒன்றும் மிஞ்சியிருக்கவில்லை. இடிந்த வீட்டின் பின்பக்கத்தில் உடையாமல் கிடந்த ஓடுகளைப் பொறுக்கி, கூரைக்குப் பனஞ்சிலாகை வாங்கி, தன் கையாலேயே கட்டினார். முந்தின படலையின் அகலம் அவருக்கு முழக்கணக்கில் நினைவிருந்தது. அதே அகலத்தில் வைத்தார்.

அன்று பின்னேரம் தோட்டத்தால் வந்தவரிடம் நடந்ததைச் சொன்னேன்.

“அப்ப முப்பது வயசிலை கட்டின எனக்கு இப்ப நூற்றிமுப்பது வயசு. பென்சன் தருவினமோ எண்டு கேட்டிருக்கலாமே நீர்,” என்று சிரித்தார். ஆனால் படலைப் படத்தை அட்டையில் போட்டு விதிப் புத்தகம் வந்தபோது, அதை எடுத்துச் சாமியறையில் வைத்தவரும் அவர்தான். படலைத் தூணில் ஒரு தகடும் பூட்டினார்கள். இனி அதன் கூரையையோ அகலத்தையோ மாற்றக்கூடாது.

இந்த வருடம் அவருக்குப் பாரிசவாதம் வந்தது. வலது பக்கம் விழுந்துவிட்டது. கிழமைக்கு இரண்டு தரம் ஆஸ்பத்திரிக்குப் போய்ப் பயிற்சி எடுக்க வேண்டும். ஓட்டோ ஒழுங்கையிலேயே நிற்கும். பிளாஸ்டிக் கதிரையில் அவரை இருத்தி அயலவர் நாலு பேர் தூக்குவார்கள். படலைக்குள் வந்ததும் பக்கத்தில் ஆள் நிற்க இடமில்லை. கதிரையைச் சரித்துத்தான் எடுக்க வேண்டும்.

“சாமி தூக்குற மாதிரித் தூக்குறியள், ஒரு அரோகராவும் சொல்லுங்கோவன்,” என்பார்.

ஒரு மழை நாள் முன்னால் தூக்கியவரின் கால் வழுக்கியது. கதிரை குந்தில் அடிபட, அவர் கீழே விழுந்தார். முழங்கை உரிந்து இரத்தம். அன்று அவர் பகிடி விடவில்லை. அடுத்த முறை ஆஸ்பத்திரிக்கு வரமாட்டேன் என்றார்.

படலையை அகலமாக்க அனுமதி கேட்டுச் சபைக்குப் போனேன். பாதுகாப்புப் பட்டியலில் உள்ள பழைய படலையைத் தொட முடியாது, ஆட்சேபம் இருந்தால் கூட்டத்தில் சொல்லலாம் என்றார்கள்.

கூட்டத்தில் என் முறை வந்தது. கதிரையின் முதுகைப் பிடித்துக்கொண்டு எழும்பினேன்.

“அந்தப் படலை பழசில்லை. எங்கடை இவர் கட்டினது.”

அதே அதிகாரிதான் முன்னால் இருந்தார். “அக்கா, அண்டைக்கு ஏன் சொல்லேல்லை?”

“நீங்கள் தேத்தண்ணி குடிச்சுக்கொண்டு இருந்தனீங்கள், பிள்ளை.”

எல்லோரும் சிரித்தார்கள். “அப்ப அட்டையிலை கிடக்கிறது டூப்ளிக்கேற்!” என்று பின்னால் ஒருவர் கத்தினார். இன்னும் சிரிப்பு. அதிகாரி மட்டும் சிரிக்கவில்லை. பழையது இல்லையென்றால் பட்டியலிலிருந்து நீக்குவோம், பிறகு உங்கள் விருப்பம் என்றார்.

வீட்டுக்கு வந்ததும் அவர் கேட்டார். “பழசில்லையெண்டு சொன்னீரோ?”

“ஓம்.”

“நான் கட்டினதெண்டும் சொன்னீரோ?”

“ஓம்.”

“அதுக்கு என்ன சொன்னவை?”

“ஒண்டும் சொல்லேல்லை,” என்றேன்.

அவர் வாசலைப் பார்த்தார். இடது கையைக் கட்டிலில் நீட்டி, முழங்கையிலிருந்து விரல் வரை ஒரு முழம் அளந்தார்.

“இன்னும் ரெண்டு முழம் கூட்டி வைச்சிருக்கலாம். நான்தான் யோசிக்கேல்லை.”

சாமியறையில் இருந்த புத்தகத்தை எடுத்து அலுமாரிக்குள் வைத்தேன்.

மறுநாள் சபை ஆள் ஒருவர் வந்து தகட்டைக் கழற்றிக்கொண்டு போனார். படலையை அகலமாக்க மேசன் திங்கட்கிழமைதான் வருவதாகச் சொன்னான். தகடு போன அன்றே ஆஸ்பத்திரி நாள் என்றபடியால், நாலு பேரும் அவரைக் கதிரையில் வைத்துச் சரித்துப் படலைக்குள்ளால் தூக்கிக்கொண்டு போனார்கள்.