மதாம் வீட்டு அடீனியம்

அடீனியம் செடியின் அடிக்கிழங்கை அழுத்தினேன். கல் மாதிரி இருக்க வேண்டியது, பழுத்த பப்பாளி போல உள்ளே போனது.

புதுச்சேரி டவுனில் வீட்டுத் தோட்டங்களைப் பராமரிப்பது என் வேலை. மூலக்குளத்தில் ஒரு நர்சரியில் பத்து வருஷம் தொட்டிக்கு மண் நிரப்பினேன். அதற்கப்புறம் ஒரு ஸ்கூட்டி, ஒரு கத்தரி, ஒரு மண்வாரி இவற்றோடு தனியாகக் கிளம்பியவள். புதிதாக இந்த வேலைக்கு வருகிறவர்கள் செடி தண்ணீர் இல்லாமல்தான் சாகும் என்று நினைக்கிறார்கள். அடப் போங்கப்பா. நான் குப்பைக்குத் தூக்கிப் போட்ட தொட்டிச் செடிகளில் பெரும்பாலானவை தண்ணீர் குடித்துக் குடித்தே செத்தவை.

1. ஒரே ஒரு செடி

செலின் மதாமின் வீட்டுக்காரர் பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். அவரை எல்லோரும் முசியே என்போம். அவர் போய்ச் சேர்ந்த பிறகும், முன்பு போலவே வருஷா வருஷம் ஆடி மாதம் மதாம் பிரான்சில் இருக்கும் மகனிடம் போய் இரண்டு மாதம் இருந்துவிட்டு வருவார். அந்த வருஷம் கிளம்பும்போது வாசலில் இருந்த அடீனியத்தைக் காட்டினார்.

"சந்திரா, மத்ததுலாம் செத்தாக்கூடப் பரவால்ல. இது முசியே கையால வெச்சது. இது மட்டும் போச்சுன்னா நான் தாங்க மாட்டேன்."

"நான் இருக்கேன் மதாம், நிம்மதியாப் போய்ட்டு வாங்க" என்றேன். வாய்க்கொழுப்பு.

அடீனியம் பாலைவனத்துச் செடி. நல்ல வெயில் வேண்டும். ஆற்று மணலும் செங்கல் ஜல்லியும் கலந்த மண், அடியில் பெரிய ஓட்டை. தண்ணீரை அந்தக் கிழங்கிலேயே சேர்த்து வைத்துக்கொள்ளும். மண்ணில் விரலை விட்டு, காய்ந்திருந்தால் மட்டும் ஊற்ற வேண்டும். கறிவேப்பிலைக்கும் கற்பூரவள்ளிக்கும், சளிக் கஷாயத்துக்கு வளர்த்த துளசிக்கும் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விடும் டிரிப் பைப் போட்டுவிட்டேன். அடீனியத்துக்கு நான் மட்டும்தான் ஊற்றுவதாக ஏற்பாடு.

செவ்வாயும் சனியும் போவேன். முதல் சனிக்கிழமை மண் ஈரம். மழை என்று நினைத்தேன். செவ்வாய்க்கிழமையும் ஈரம். ஓட்டை அடைத்திருக்கும் என்று ஸ்க்ரூடிரைவரால் குத்தினேன். அடுத்த சனி டிரிப் பைப் கசிகிறதென்று அதைத் திட்டிக்கொண்டே தொட்டியை நகர்த்தினேன். அதற்கடுத்த செவ்வாய்தான் விரல் உள்ளே போனது.

2. ஆபரேஷன்

செடியைப் பிடுங்கிக் கழுவினேன். வேர் பழுப்பாகி நாறியது. பிளேடை எடுத்து, வெள்ளைச் சதை தெரியும்வரை அழுகலைச் செதுக்கினேன். கிழங்கில் பாதி போய்விட்டது. வெட்டிய இடத்தில் பூஞ்சைக்கொல்லி பவுடரை அப்பினேன். இலைகளைக் கிள்ளிவிட்டு, ஸ்டோர் ரூமில் தலைகீழாகக் கட்டித் தொங்கவிட்டேன். காயம் ஆற இரண்டு வாரம் ஆகும். அதுவரை சொட்டுத் தண்ணீர் படக்கூடாது.

கைகூடக் கழுவவில்லை, மதாமிடமிருந்து வீடியோ கால்.

"சந்திரா, முசியே செடியக் காட்டு பாக்கலாம்."

தலைக்கு மேலே அது வௌவால் மாதிரி தொங்குகிறது. நான் முப்பத்திரண்டு பல்லும் தெரியச் சிரித்து, "நெட்டே கெடைக்கல மதாம்" என்று சொல்லிக் கட் பண்ணிவிட்டேன். யாரோ வேண்டுமென்றே தண்ணீர் ஊற்றுகிறார்கள் என்று கோபம் தலைக்கேறியது. ஆளைப் பிடிக்காமல் விடுவதில்லை என்று மறுநாள் விடிந்ததும் போய், வெறும் மண் நிரப்பிய தொட்டியை அதே இடத்தில் வைத்துவிட்டு, குரோட்டன்ஸ் மறைவில் உட்கார்ந்தேன்.

3. வெறுந்தொட்டிக்கு மூன்று பேர்

முதலில் வாக்கிங் முடித்து வந்தவர் மாடியில் குடியிருக்கும் கணேசன் சார். பாங்க் ஆபீசர். சுற்றுமுற்றும் பார்த்தார். பையிலிருந்து வாட்டர் பாட்டிலை எடுத்து, தொட்டியில் கவிழ்த்தார்.

"சார்! என்னா பண்றீங்க? செடியே இல்லாத தொட்டி சார் அது!"

அவர் துள்ளி விழுந்தார். "கண்ணாடி போடலம்மா. இலை கொட்டியிருக்கும்னு நெனச்சேன். மதாம் போன் பண்ணி, தெனம் ஒரு பாட்டில் ஊத்துங்க, சந்திராகிட்ட சொல்லாதீங்க, கோவிச்சுப்பான்னு சொன்னாங்க."

அவர் மாடி ஏறுவதற்குள் மதாம் இல்லாத நாளில் மாடி வீட்டுக்குச் சமைக்கும் சமையல்கார ரெஜினா அரிசி கழுவிய தண்ணீரோடு வந்தாள். தொட்டியைப் பார்த்தாள், திகைத்தாள், ஆனாலும் ஊற்றினாள்.

"ஏண்டி, செடி இல்லன்னு கண்ணு தெரியலயா?"

"தெரிஞ்சுதுக்கா. மதாம் ஊத்தச் சொன்னாங்க, ஊத்திட்டேன். செடியப் பத்தி அவங்க ஒண்ணும் சொல்லலியே."

மூன்றாவதாக வாட்ச்மேன் ஏழுமலை டியூபை இழுத்துக்கொண்டு வந்தார். என்னைப் பார்த்ததும் டியூபைப் பின்னால் ஒளித்தார். அது அவர் காலிலேயே பீய்ச்சியது. "மதாம் உங்ககிட்ட மட்டும்தான் சொல்றேன் ஏழுமலைன்னு சொன்னாங்கம்மா" என்றார். சொல்லும்போது பெருமையாக வேறு இருந்தது.

மதாமே சொன்ன பிறகு ஊற்றாதே என்றால் கேட்பார்களா? இவர்களுக்கு ஊற்றியே ஆக வேண்டும். சரி, ஊற்றட்டும் என்று நர்சரிக்குப் போய் மூன்று தொட்டி வாங்கி வந்தேன். கணேசன் சாருக்கு வல்லாரை. எப்போதும் ஈரம் கேட்கும், துவையலுக்கும் ஆகும். ரெஜினாவுக்குப் புதினா. அரை நிழலும் தினம் தண்ணீரும் இருந்தால் கிள்ளக் கிள்ள வரும். ஏழுமலைக்குக் கல்வாழை. குளம் கட்டினாலும் அசராது, பூவும் பூக்கும். அன்றிலிருந்து அடீனியம் பக்கம் ஒருவரும் வரவில்லை. புதினா வந்த வேகத்தில் ரெஜினா வாரத்துக்கு இரண்டு நாள் பிரியாணி போட்டாள்.

4. மதாம் திரும்பினார்

காயம் ஆறியதும் புது மணலில் நட்டேன். ஒரு இலைகூட வரவில்லை. மதாம் டாக்சியை விட்டு இறங்கினார். பெட்டியைக்கூட உள்ளே வைக்காமல் தொட்டி முன்னால் நின்றார்.

"என்னா சந்திரா இது, மொட்டையா நிக்குது? பாதிகூட இல்லியே?"

மன்னிப்புக் கேட்கத்தான் வாயைத் திறந்தேன். "நீங்கதான் மதாம் கொல்லப் பாத்தீங்க! மூணு பேர வெச்சு ஊத்தினீங்க!" என்று வந்துவிட்டது.

வேலை போச்சு என்று நினைத்தேன். மதாம் வாசற்படியில் உட்கார்ந்துவிட்டார்.

"அவர் போனப்பவும் நான் அங்கதான் இருந்தேன் சந்திரா. டிக்கெட் கெடைச்சு வர்றதுக்குள்ள மூணு நாள் ஆயிடுச்சு. அங்க ஒக்காந்தா, இதுவும் காஞ்சுடுமோ காஞ்சுடுமோன்னே இருக்குது. யாருக்காவது போன் போட்டு ஊத்தச் சொன்னாதான் சாப்பாடு எறங்குது."

"ஒரு போட்டோ கேட்டிருக்கலாமே மதாம்" என்றேன்.

"கேட்டேனே. நெட்டு கெடைக்கலன்ன."

எனக்குச் செருப்பால் அடித்த மாதிரி இருந்தது. நானும் பக்கத்தில் உட்கார்ந்து, வௌவால் கதையைச் சொல்லி அழுதேன். அவர் அழுதுகொண்டே சிரித்தார்.

அதிலிருந்து எந்த வீட்டுக்காரர் ஊருக்குப் போனாலும், செடிக்கு அட்டவணை போடும்போது அவருக்கும் சேர்த்தே போடுகிறேன். செவ்வாய் ஒரு போட்டோ, சனி ஒரு போட்டோ. நல்லா இருந்தாலும் அனுப்புவேன், நாசமாப் போயிருந்தாலும் அனுப்புவேன். புதிதாக வருகிறவர்களே, உரம் வைக்க மறந்தாலும் இதை மறக்காதீர்கள்.

அடீனியம் பிழைத்துக்கொண்டது. அடுத்த ஆடியில் மதாம் ஊரில் இல்லாதபோதுதான் பூத்தது. ரோஸ் நிறத்தில் ஒரே ஒரு கொத்து. போட்டோ அனுப்பிய அடுத்த நிமிஷம் போன் அடித்தது. மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. பிறகு மதாம் சொன்னார்:

"சந்திரா, பூத்துடுச்சேன்னு சந்தோஷத்துல எவனாவது தண்ணி ஊத்திடப் போறான். யாரையும் கிட்ட வுடாத!"