சயன்ஸ் வகுப்புக்கு வந்த தாழி

போன வாரம் பொள்ளாச்சி பஸ்ஸில் எனக்கு முன் சீட்டில் இரண்டு பள்ளிக்கூடப் பிள்ளைகள் சண்டை போட்டுக்கொண்டு வந்தார்கள். கடவுள்தான் மனிதனைப் படைத்தார் என்பதை சயன்ஸ் வகுப்பில் பேசலாமா, கூடாதா என்று. ஒருத்தி, "பேசுனா என்னடி தப்பு? கேக்கறவங்க கேக்கட்டும்" என்கிறாள். மற்றவள், "அப்ப கோயில்ல போய்க் கணக்குப் போடு" என்கிறாள். எனக்குச் சிரிப்பு வந்தது. அந்த நேரம் பார்த்து, வழியில் எங்கோ கிணறு தோண்டிக் குவித்த ஈர மண்ணின் வாசனை ஜன்னல் வழியே ஏறியது. மழைக்கு வருகிற மேல்மண் வாசனை இல்லை. வெயிலே படாத அடிமண். சிரிப்பு நின்று, கைப்பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

எனக்குப் பயம் கொஞ்சம் கூடுதல்தான். பூட்டிய கதவைப் பாதி வழியில் திரும்பி வந்து இழுத்துப் பார்க்கிறவள் நான். புதுப் பானை வாங்கினால் உள்ளே எட்டிப் பார்க்காமல் தண்ணீர் ஊற்ற மாட்டேன். "உள்ள யாரு அத்தை இருக்காங்க?" என்று மருமகள் கேலி செய்வாள். அவளுக்கு என்ன தெரியும்!

எழுபதுகளில், கேரள எல்லைக்குள் கொழிஞ்சாம்பாறைக்குக் கிழக்கே எங்களுக்கு ஒரு கடலைக்காடு இருந்தது. காடு என்றதும் மரங்களை நினைக்காதீர்கள். மழையை நம்பி விதைக்கிற மேட்டு நிலம். அதன் வடக்கு ஓரத்தில் மண்ணுக்குள் பெரிய பெரிய தாழிகள் புதைந்திருந்தன. ஏர்முனையில் 'டொக்' என்று தட்டினால் அப்பா மாட்டை நிறுத்திச் சுற்றி ஓட்டுவார். உள்ளே இருப்பவர்கள் செத்தவர்கள் இல்லை என்பது எங்கள் வீட்டு நம்பிக்கை. படைத்தவன் முதன்முதலில் செய்த மனிதர்களுக்குச் சாவை வைக்க மறந்துவிட்டானாம். வயதாக ஆக அவர்கள் சிறுத்துக்கொண்டே போவார்கள். பூனைக்குட்டி அளவுக்கு வந்ததும் தாழிக்குள் உட்காரவைத்து, தினையும் தண்ணீரும் வைத்து மூடி, மண்ணில் இறக்கிவிடுவார்கள். அப்புறம்தான் அவனுக்குப் புத்தி வந்து, சாவையும் சேர்த்து நம்மைச் செய்தானாம். ஆக, ஒரே காட்டில் அவர்கள் கீழே, நாங்கள் மேலே.

முதல் உழவு அன்று அப்பா குனிந்து, பக்கத்து வீட்டுப் பெரியவரிடம் பேசுகிற குரலில் மண்ணைப் பார்த்துச் சொல்வார்: "ஏரு வருதுங்க. காலைக் கொஞ்சம் மடக்கிக்கங்க."

வரப்பில் நிற்கிற என் கால்கள் தாமாக மடங்கப் பார்க்கும். கடலை பறிக்கும்போது செடி சுலபத்தில் வராவிட்டால் நான் விட்டுவிடுவேன். கீழே யாராவது பிடித்திருந்தால்?

எட்டாம் வகுப்பில் சயன்ஸுக்குப் புது மாஷ் வந்தார். எங்கள் பக்கம் வாத்தியாரை மாஷ் என்போம். கொல்லங்கோட்டுக்காரர், தமிழில் மலையாளம் கலந்து பேசுவார். மெலிந்த உடம்பு, சட்டைப் பை முழுக்க சாக்பீஸ் தூள். குரங்குக்கும் மனிதனுக்கும் முன்னோர் ஒன்றுதான் என்று அவர் படம் போட்டுக் காட்டிய செய்தி சாயங்காலத்துக்குள் எல்லா வீட்டுக்கும் போய்ச் சேர்ந்தது. மறுநாள் காலையில் அப்பா பள்ளிக்கூடத்தில் நின்றார்.

"ஏனுங்க மாஷ், கொரங்குக் கதைய மட்டுஞ் சொன்னா எப்புடிங்க? எங்களுதையுஞ் சொல்லோணுமில்லீங்க?"

மாஷ் கோபப்படவில்லை. "சொல்லலாமே. பிள்ளைங்களுக்கு வீட்டுல ஒண்ணு, இங்க ஒண்ணுன்னு ரெண்டு தலை வேண்டாம் கேட்டோ. ரெண்டையும் மேசைமேல வச்சுப் பேசுவோம். ஆனா மேசைக்கு வந்தா எதையும் திறந்து பாப்பேன். அது என் வேலை."

"பாருங்க, நல்லாப் பாருங்க" என்றார் அப்பா, ஜெயித்தவர் முகத்தோடு.

அந்த வருட மழையில் காட்டின் வடக்குக் கரை இடிந்து ஒரு தாழி வெளியே தெரிந்தது. வைக்கோல் பரப்பி, அதை அப்பாவே வண்டியில் ஏற்றினார்.

"இருக்கறவங்களக் கேக்காம எடுத்துட்டுப் போறீங்களே!" என்று அம்மா தவித்தாள்.

"கேட்டேன். வாரேன்னாங்க."

வேடிக்கையாகத்தான் சொன்னார். ஆனால் வண்டிக்குப் பின்னால் நடந்த எனக்கு, சக்கரம் பள்ளத்தில் இறங்கும்போதெல்லாம் உள்ளே யாரோ நகர்ந்து உட்காருகிற சத்தம் கேட்டது.

தாழி மேசைமேல் ஏறியது. அப்பா துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு வகுப்பு வாசலில் நின்றார். மாஷ் முதலில் எங்கள் கதையைச் சொன்னார். ஒரு சொல் குறைக்கவில்லை. அப்பா சொல்வதைவிட அழகாகவே இருந்தது. அப்பாவுக்கு முகம் கொள்ளாத சிரிப்பு. பிறகு மாஷ் மூடியை எடுத்தார். அடிமண் வாசனை வகுப்பை நிறைத்தது. பின் பெஞ்சு சரசு, "பூனைக்குட்டி மாதிரியே கத்துமாடி?" என்று கிசுகிசுத்தாள். யாரும் சிரிக்கவில்லை.

மாஷ் மண்ணை மெதுவாக அள்ளி எடுத்துவிட்டு, ஓர் எலும்பைப் பிடித்துத் தூக்கினார். அது வந்துகொண்டே இருந்தது.

"தொடை எலும்பு. சிறுத்துப் போனவங்களுக்கு இவ்வளவு நீளம் இருக்குமா? யாராவது வந்து நில்லுங்க, ஒத்துப் பாக்கலாம்."

பிள்ளைகள் எழவில்லை. அப்பாதான் முன்னால் வந்தார். தோற்கப்போவதில்லை என்ற தைரியம். மாஷ் அந்த எலும்பை வேட்டிக்கு மேலே, இடுப்பிலிருந்து முழங்கால்வரை பிடித்தார்.

சரியாக இருந்தது. அப்பாவுக்கே அளவெடுத்துச் செய்தது போல.

மாஷின் கைகூட எடுக்க மறந்து அங்கேயே நின்றது. "நம்மள மாதிரி ஒரு ஆளுதான்" என்றார் சின்னக் குரலில். "செத்துத்தான் போயிருக்கணும். நான் முடிவு ஒண்ணும் சொல்லலை கேட்டோ. எல்லாரும் யோசிங்க. நாளைக்குப் பேசலாம்."

அப்பா தன் காலையே பார்த்துக்கொண்டிருந்தார், அது தன்னுடையதுதானா என்று சந்தேகம் வந்தவர்போல. பிறகு என் பக்கம் திரும்பி, "எந்திரி அம்மிணி, போலாம்" என்றார்.

வண்டியில் கேட்டேன். "நாளைக்குப் பேசலாம்னாருங்கப்பா. நான் போகோணுங்க."

"வேண்டாம். எதக் கொண்டுபோனாலும் அங்க அளந்துபோடுவாங்க."

சோறு உண்ணாமல் கிடந்து அழுதேன். அம்மாவும் எனக்காகப் பேசிப் பார்த்தாள். அவர் அசையவில்லை. என் படிப்பு அன்றோடு சரி. பள்ளிக்கூடப் பேச்சே வீட்டுக்குள் வரக்கூடாது என்றுவிட்டார்.

அடுத்த விதைப்புக்கு அப்பா ஏரைப் பூட்டினார். குனியவில்லை.

"ஏனுங்கப்பா, சொல்லலீங்களா?"

"யாருகிட்டச் சொல்றது?"

மாடுகள் நடந்தன. வடக்கு ஓரத்தில் 'டொக்' என்றது. அவர் நிறுத்தவில்லை. அடுத்தது நொறுங்குகிற சத்தம். பட்டப்பகலில், பெற்ற அப்பாவைப் பார்க்க எனக்குப் பயமாக இருந்தது. அதன் பிறகு எங்கே உட்கார்ந்தாலும் அவர் கை தொடைக்குப் போய்விடும். உள்ளே இருப்பதை மேலிருந்து கீழாகத் தடவிப் பார்ப்பார்.

ரொம்ப வருடம் கழித்து ஒரு கல்யாணத்தில் சரசுவைப் பார்த்தேன். பந்திக்குக்கூடப் போகாமல் முதலில் கேட்டது, மறுநாள் வகுப்பில் என்ன பேசினீர்கள் என்றுதான்.

"எங்கடி பேசுனோம்! ஊருல நாலு பேரு போய்ச் சத்தம் போட்டாங்க. பெரிய மாஷ் பயந்துட்டு, சயன்ஸ் மாஷை வேற ஊருக்கு மாத்தி உட்டாங்க. அடுத்து வந்தவரு மனுசன் எப்புடி வந்தான்ங்கற பாடத்தையே தள்ளிட்டாரு, பரீச்சைக்கு வராதுன்னு. கேட்டதுக்கு, ஊட்டுல கேட்டுக்கங்கன்னாரு."

சயன்ஸ் வகுப்பில் அதைப் பேசியது தப்பென்று நான் இன்றைக்கும் நினைக்கவில்லை. அளந்த கையோடு நிறுத்திவிட்டார்கள், அதுதான் தாங்கவில்லை. அந்த மறுநாள் வந்திருந்தால் அப்பாவையும் கூட்டிக்கொண்டு போய் உட்கார வைத்திருப்பேன்.

இப்போது கடலைக்காடு வீட்டுமனையாகிவிட்டது. அப்பா இல்லை. பள்ளிக்கூடத்துச் சுவரோரம் மழையில் கிடந்த தாழி எப்போது காணாமல் போனதென்று சரசுவுக்கும் தெரியவில்லை. மனிதன் எப்படி வந்தான் என்று சொல்வதற்கு, அந்த வருடத்துக்குப் பிறகு எங்களுக்கு வீட்டிலும் ஆள் இல்லை, பள்ளிக்கூடத்திலும் ஆள் இல்லை.