ராணி காத்திருந்து பிடித்த பழுது

கயத்தாறில் ஒரு மாவு மில்லில் மோட்டாரைக் கழற்றிப் போட்டிருந்தபோது, என்னோடு வேலை பார்த்த செல்வராணியின் மகள் போன் செய்தாள். "மாமா, அம்மா போயிட்டாவ" என்றாள். கிரீஸ் கையோடு பஸ் ஏறிக் கோவில்பட்டி வந்து சேர்ந்தேன். இரண்டு மாதமாகப் படுக்கையில் இருந்தவர்தான். ஆனாலும் மனம் ஆயத்தமாக இல்லை.

ஆலைகளின் மின்கருவிகளைப் பழுது பார்க்கும் கடையில் பதினாறு வருடம் நானும் ராணியும் அடுத்தடுத்த மேசையில் இருந்தோம். அவரை நினைத்து இங்கே கூடியிருக்கும் உங்களிடம் இன்று ஒன்றைச் சொல்லியாக வேண்டும்.

ஒரு தீப்பெட்டி ஆலையில், மருந்தில் முக்குவதற்கு முன் குச்சிகளைக் காயவைக்கும் அறையில் இரண்டு முறை குச்சிகள் கருகின. சூடு மிஞ்சினால் ஹீட்டர் தானாக அணைய உள்ளே ஒரு சென்சார் உண்டு. நான் போய், மின்னழுத்தத்தைத் திரையில் கோடாகக் காட்டும் ஆசிலாஸ்கோப்பை அதில் மாட்டிப் பார்த்தேன். திரையில் கோடு நேராகப் போயிற்று. மெஷினில் கோளாறு இல்லை என்று எழுதிக் கொடுத்துவிட்டு வந்தேன். பழி, அறையைக் கவனித்த முத்துலட்சுமி மேல் விழுந்தது. வேலைக்கு வர வேண்டாம் என்றார்கள்.

அவர் கடைக்கு வந்து அழுதார். "நான் ஒண்ணையும் தொடலக்கா. கருகுத வாசம் வரவும் ஓடிப்போயி அணைச்சேன்."

அவர் போனதும் ராணி என் பக்கம் திரும்பினார். "எம்புட்டு நேரம் பாத்தீங்க அண்ணாச்சி?"

"ஒரு நிமிசம்."

"அந்த ரூம் சூடாகுததுக்கே முக்கா மணி நேரம் ஆகுமே."

மறுநாள் ஆலை முதலாளியிடம் அனுமதி கேட்டு ராணி அங்கே போனார். நானும் உடன் போனேன். ஆசிலாஸ்கோப்பில், மெல்ல மாறும் மின்னழுத்தத்தைத் திரையில் காட்டாமல் வடிகட்டிவிடும் நிலையில் நான் விட்டிருந்த பொத்தானை மாற்றினார். திரையின் ஒரு கட்டத்தைக் கடக்கக் கோட்டுக்குப் பத்து விநாடி ஆகும்படி வைத்துவிட்டு ஸ்டூலில் உட்கார்ந்தார். "மெதுவா வாரதுக்கு நாமதான் காத்துக் கெடக்கணும்" என்றார்.

அறை சூடேறச் சூடேறக் கோடும் உயர்ந்தது. நாற்பது நிமிடம் ஆனபின், உள்ளே அனல் அடித்துக்கொண்டிருக்கும்போதே, அது கீழே சரியத் தொடங்கியது. ராணி எழுந்து ஹீட்டரை அணைத்தார். சூட்டில் சென்சார் ஒயரின் ஈயப் பற்றவைப்பு விட்டுக்கொண்டிருந்தது. அறை குளிர்ந்துவிட்டதென்று எடுத்துக்கொண்டு ஹீட்டர் தொடர்ந்து எரிந்திருக்கிறது. ஆறியதும் பற்றவைப்பு மறுபடி சேர்ந்துகொள்ளும்.

"யாரு கண்டுபிடிச்சது?" என்று முதலாளி கேட்டார்.

"நாங்க ரெண்டு பேருந்தான்" என்றார் ராணி. நான் வாய் திறக்கவில்லை.

வெளியே வந்ததும், ஏன் அப்படிச் சொன்னீர்கள் என்று கேட்டேன். "நாளைக்கும் நீங்க இந்த ஆலைக்குள்ள வரணும்லா" என்றார். முத்துலட்சுமிக்கு வேலை திரும்பக் கிடைத்தது.

ராணி இறந்த அன்று, அவர் உடலைக் கிடத்தியிருந்த இடத்தில் முத்துலட்சுமி என் கையைப் பிடித்துக்கொண்டார். "நீங்க ரெண்டு பேரும் இல்லன்னா நான் என்ன ஆயிருப்பேன் அண்ணாச்சி?"

"நான் இல்லம்மா. ஒம்மேல பழி வந்ததே என்னாலதான்" என்றேன்.

கையை விட்டார். பிறகு, "அக்கா ஒரு நாளும் சொல்லலியே" என்று மட்டும் சொல்லிவிட்டு ராணியின் காலடியில் போய் உட்கார்ந்தார்.

அந்தத் தவறை ராணி யாரிடமும் சொல்லவில்லை. கோபத்தில்கூட எனக்கு அதைச் சொல்லிக் காட்டியதில்லை. அவரிடமிருந்து நான் எடுத்துக்கொள்வது அந்தப் பெருந்தன்மையைத்தான். அவர் இருந்தபோதே ஒரு நன்றி சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.