நாரணாபுரம் சாலையில் ஒன்பது பேர்

நடந்த இடம், நேரம் எல்லாவற்றையும் சொல்கிறேன். சந்தேகம் இருந்தால் போய்ப் பார்த்துக்கொள்ளுங்கள். சிவகாசியில் பட்டாசு லேபிள் அச்சடித்துப் பிழைக்கிறவன் நான். கதை கட்டும் சாமர்த்தியம் இருந்திருந்தால் லேபிளோடு நின்றிருக்க மாட்டேன்.

என்னிடம் பழைய டீசல் கார் ஒன்று உண்டு. விருதுநகர் மெக்கானிக் ஹரிஷ்குமாரை நச்சரித்து அதன் டர்போ பூஸ்ட்டைக் கூட்ட வைத்தேன். இன்ஜினுக்குள் காற்றை அழுத்தித் தள்ளுகிற சமாச்சாரம்தான் டர்போ. கம்பெனி வைத்த அளவுக்கு மேல் போனால் அது தாங்காது என்று தலைப்பாடாய் அடித்துக்கொண்டான். நான் கேட்கவில்லை. மிதித்தால் ‘உய்ய்ய்…’ என்று ஒரு விசில் வரும். அந்தச் சத்தத்துக்கு நான் அடிமை.

பிப்ரவரியில் ஒரு செவ்வாய்க்கிழமை. பட்டப்பகல், 12:38. நாரணாபுரம் சாலையில் ஒரு லாரியை முந்த மிதித்தேன். விசில் வந்தது. காலை எடுத்த பிறகும் ஏறிக்கொண்டே போனது. பிறகு ‘டங்’ என்று ஒரு சத்தம். பின்னால் ஒரே வெள்ளைப் புகை. ஓரம் கட்டிச் சாவியை உருவினேன்.

இன்ஜின் நிற்கவில்லை.

சாவி என் கையில் இருக்கிறது… வண்டி அலறுகிறது. இறங்கிப் பார்த்தேன். புகைக்குழாயிலிருந்து தீப்பொறி கொட்டியது. 12:40.

அப்போதுதான் இடப்பக்கம் கவனித்தேன். பத்தடி தூரத்தில் ஒரு பட்டாசு ஷெட். கதவு திறந்திருந்தது. உள்ளே பெண்கள் தரையில் உட்கார்ந்து சரவெடி பின்னிக்கொண்டிருந்தார்கள். எண்ணினேன். ஒன்பது பேர். ஒரு ஷெட்டில் நாலு பேருக்கு மேல் உட்காரக் கூடாது என்பது எங்கள் ஊரில் எல்லோருக்கும் தெரியும்.

ஒரு பொறி போதும். ஒன்பது பேரும் என்னால் சாவார்கள். ஓடச் சொல்லித் தொண்டை கிழியக் கத்தினேன். ஒருத்தியும் திரும்பவில்லை.

புகை உள்ளே போனது. யாரும் இருமவில்லை.

விரல்கள் மட்டும் ஓடின…

ஒருத்தி தலை தூக்கினாள். பச்சைச் சேலை. இடது புருவத்தில் தழும்பு. வாய் அசையவில்லை. ஆனால் குரல் என் காதுக்குப் பக்கத்தில் கேட்டது.

“ஒம்போது பேருண்ணே… தாங்காது.”

வண்டிக்குள் பாய்ந்தேன். ஐந்தாவது கியர். பிரேக்கை முழுசாக மிதித்துக் கிளட்சைப் பட்டென்று விட்டேன்.

ஒரு குலுக்கல்.

நின்றது.

12:43.

திரும்பினேன்.

ஷெட் இல்லை.

வெறும் நிலம். கட்டடத்துக்குச் சுண்ணாம்பால் கோடு மட்டும் போட்டிருந்தார்கள்.

டர்போவின் ஷாஃப்ட் முறிந்து, ஆயில் இன்ஜினுக்குள் கசிந்து, அதைக் குடித்தே வண்டி ஓடியிருக்கிறது என்றான் ஹரிஷ்குமார். அதற்குச் சாவி தேவையில்லையாம். வண்டிக்குக் காரணம் கிடைத்துவிட்டது. பெண்களைப் பற்றி அவனிடம் நான் மூச்சு விடவில்லை. வெயில் தலைக்கேறியிருக்கும் என்று என்னையே சமாதானப்படுத்திக்கொண்டேன்.

ஜூலையில் ராஜபாண்டியன் என்ற புது முதலாளி லேபிள் ஆர்டர் கொடுத்தார். இறக்கப் போனேன். அதே இடம். அதே ஷெட். புதுச் சுவரில் ஈரம்கூடக் காயவில்லை. உள்ளே நாலு பெண்கள். ஒருத்திக்கு இடது புருவத்தில் தழும்பு. பெயர் பஞ்சம்மாள், விஸ்வநத்தத்துக்காரி. உயிரோடு இருந்தாள். என்னைப் பார்த்துச் சிரித்தாள்.

“அண்ணே, ஒங்கள எங்கனயோ பாத்திருக்கேன்.”

அன்றிலிருந்து எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. ஏதாவது சாக்குச் சொல்லி வாரம் ஒரு முறை போய் எண்ணுகிறேன். ஆகஸ்டில் ஐந்து பேர். செப்டம்பரில் ஏழு. ராஜபாண்டியனிடம் பார்த்ததை எல்லாம் சொல்லிக் கெஞ்சினேன். சிரித்தார். புகார் கொடுத்தேன். அதிகாரிகள் வந்த அன்று நாலு பேர்தான் இருந்தார்களாம். கடைசியில் பஞ்சம்மாளிடமே சொன்னேன். தீபாவளி வரைக்கும்தானே, சீசன் வேலையை விட்டுவிட்டு எங்கே போவது என்று கேட்டாள்.

நேற்று எண்ணினேன். எட்டு.

இன்று ஞாயிற்றுக்கிழமை. சற்று முன், மாலை 5:20க்கு, ராஜபாண்டியனிடமிருந்து போன். லேபிள் கூடுதலாக வேண்டுமாம்.

“ஆர்டர் எம்புட்டு கெடக்கு பாத்தீகளா. நாளைக்கு இன்னொரு ஆளு சேத்திருக்கேன்.”