ஐஸ் கம்பெனி டிரைவரின் அறுபத்தொரு நாள்

நம் பீரோவின் உள்கதவில் நீல நைலான் நூலில் ஒரே ஒரு காகிதம் தொங்குகிறதே, அதை ஏன் இன்னும் தூக்கிப் போடவில்லை என்று நீங்கள் இருவரும் எத்தனையோ முறை கேட்டிருக்கிறீர்கள். ஒரு நாள் விடுப்பு வேண்டும் என்று என் கையெழுத்தில் இருக்கும். அதன் குறுக்கே சிவப்பு மையில் ‘முடியாது’ என்று இருக்கும். போன வாரம் பெரியவள் வேலையை விடப்போவதாகச் சொன்னபோது, “எடுக்காத லீவெல்லாம் அப்படியே போயிடும்பா, யாரு போய்க் கேக்கறது” என்றாள். அதனால்தான் இதை எழுதி வைக்கிறேன்.

எழுபதுகளின் கடைசியில் நான் பழவேற்காட்டில் ஒரு ஐஸ் கம்பெனியில் சேர்ந்தேன். எங்கள் குடும்பம் ஆரம்பாக்கம் பக்கம் நெல் வைக்கிற குடும்பம். எனக்குப் படிப்பு எட்டாவதோடு நின்றது. உறைந்த ஐஸ் பெட்டிகளைத் தொட்டியிலிருந்து தூக்குவது என் வேலை. மிஷின் ஓட்டுகிறவரை எல்லோரும் டிரைவர் என்போம். பக்கத்துக் கிராமமான தோணிரேவுக்காரர், என்னைவிடப் பத்து வயது மூத்தவர். குழாய்மேல் கையை வைத்துப் பார்த்தே கட்டி எப்போது இறுகும் என்று சொல்லிவிடுவார். ஆனால் அந்தக் கைக்குத் தன் பெயரை மட்டும்தான் எழுதத் தெரியும்.

அவர் வீட்டுக்கு ஏரியில் பாடு உண்டு. பாடு என்றால், இறால் ஓடுகிற நல்ல இடங்களை ஊர் கூடிச் சீட்டுக் குலுக்கி முறை வைத்துக்கொள்வது. இன்ன நாளில் இன்ன இடம் இன்ன வீட்டுக்கு. அன்று அந்த வீட்டு ஆள் வலையோடு போய் நிற்க வேண்டும். டிரைவர் மிஷினோடு நின்றதால் கூலிக்கு ஆள் விட்டார். பிடித்ததில் பாதி அந்த ஆளுக்கு, கால் பங்கு வலை இரவல் கொடுத்தவருக்கு. வீட்டுக்கு வந்தது குழம்புக்குக் காணும், அவ்வளவுதான். அதனால் ஒவ்வொரு முறைக்கும் லீவு கேட்பார். குலுக்கல் முடிந்ததுமே நாள் தெரிந்துவிடும் என்பதால் ஒரு மாதம் முன்னாலேயே வந்து உட்கார்ந்து நாள் சொல்லுவார், நான் எழுதுவேன். மேனேஜர் சிவப்புப் பேனாவை எடுப்பார். “உனக்கு எறா வர்ற நாள்லதாம்பா ஊருக்கே எறா வருது. ஐஸ் இல்லாம எல்லாம் நாறட்டுமா?” என்று சொல்லிக்கொண்டே, முடியாது என்று எழுதிக் கையெழுத்தும் தேதியும் போட்டுத் தாளைத் திருப்பி விசிறுவார். டிரைவர் அதை வீட்டுக்குக் கொண்டுபோய் வலை முடிகிற நூலில் கோத்து வைப்பார். இந்தக் குப்பை எதற்கு என்று ஒருநாள் கேட்டேன். “உங்க அண்ணிக்குத்தான். நான் லீவே கேக்கறதில்லன்னு சண்டைக்கு வர்றா. காமிக்க வாணாமா?” என்றார்.

எட்டு வருடம் இப்படியே போனது. பிறகு ஊர்க்கூட்டம் முடிவாகச் சொல்லிவிட்டது: இனிமேல் கூலியாள் கூடாது, வீட்டு ஆள் சொந்த வலையோடு நின்றால்தான் பாடு, இல்லையென்றால் அடுத்த குலுக்கலில் பெயர் இருக்காது. அவருடைய நைனா விட்டுப்போன பங்கு அது ஒன்றுதான். டிரைவர் வேலையை விட்டார். ஆனால் கையில் வலை இல்லை, குலுக்கலுக்கு இரண்டு மாதம்தான் இருந்தது.

எடுக்காத லீவுக்குச் சம்பளம் கேட்கப் போனபோது நானும் கூட நின்றேன். “லீவுன்றது வூட்ல உக்காரத்துக்கு. நீதான் உக்காரவே இல்லியே” என்று மேனேஜர் சிரித்தார். பிறகு, போனால் போகிறது, முப்பது நாளுக்குமேல் சேராது, முப்பதை வாங்கிக்கொள் என்றார். முப்பது நாள் சம்பளத்தில் பாதி வலைகூடத் தேறாது. டிரைவர் என்னைத் திரும்பிப் பார்த்தார்.

சைக்கிள் நிறுத்துகிற சுவரில் தொழிற்சாலைச் சட்டத்தின் சுருக்கம் என்று ஓர் அட்டை தொங்கும். உப்புக்காற்றில் பழுப்பேறிய அட்டை. கட்டி இறுகும்வரை படிக்க வேறொன்றும் கிடைக்காமல் அதைத்தான் நான் படித்துக்கொண்டிருப்பேன். ஓடிப்போய் ஆணியிலிருந்து கழற்றி வந்தேன். எனக்கும் அவர்தானே மேனேஜர், அட்டையை முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டேன். பதினைந்து நாள் முன்னதாக எழுத்தில் கேட்டு, மறுக்கப்பட்ட விடுப்பு வரம்பின்றிச் சேரும் என்றிருந்த வரியை வாய்விட்டுப் படித்தேன்.

“பதினஞ்சு நாள் முன்னாலயா? மீனு என்னிக்கு வரும்னு உங்களுக்கே தெரியாதே” என்றார் மேனேஜர்.

“மீனு தெரியாது சார். மொற தெரியும்” என்றார் டிரைவர்.

மறுநாள் அண்ணியே வந்துவிட்டார். மீன்கூடைக்குள்ளிருந்து நூலை எடுத்து மேசைமேல் வைத்தார். “யாரையோ வுட்டு இவுரே எய்தி வாங்கினு வந்தாருன்னு நெனச்சினு இருந்தேன். உங்க கையெய்த்தா இன்னான்னு பாத்து சொல்லுங்க சார்” என்றார். அறுபத்திரண்டு சீட்டுகள். மேனேஜர் ஒவ்வொரு தேதியாகப் பார்த்தார். பக்கத்தில் உட்கார்ந்திருந்த முதலாளி பாய் மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இரண்டு தாளைப் படித்தார். “செவப்பு மை உம்ம பேனாதானே? குடுத்துடும்” என்றார்.

ஒன்று மட்டும் செல்லவில்லை. அறுவடைக்கு ஊருக்குப் போயிருந்த நான் அதைப் பன்னிரண்டு நாள் முன்னால்தான் எழுதியிருந்தேன். “அத உடுங்க சார், அது தம்பி பண்ண கூத்து” என்று டிரைவர் சிரித்து, அந்தத் தாளை நூலோடு என் கையில் கொடுத்தார்.

அறுபத்தொரு நாள் சம்பளம் புது வலையானது. குலுக்கலில் அவர் பெயர் இருந்தது. முதல் முறை நாளன்று மதியம் நான்கு கூடை இறாலோடு கம்பெனிக்கே ஐஸ் வாங்க வந்தார். மேனேஜர் எட்டிப் பார்த்து, “இன்னாப்பா, இன்னிக்கி லீவா?” என்றார். “இல்ல சார், இன்னிக்கிதான் வேலை. கட்டிய கொஞ்சம் நல்லதா பாத்துப் போடச் சொல்லுங்க” என்றார் டிரைவர். அன்று கட்டி தூக்கிப் போட்டது நான். அவ்வளவு சந்தோஷமாக ஒருநாளும் தூக்கியதில்லை. அதற்குப் பிறகு அந்தச் சிவப்புப் பேனா கொஞ்சம் யோசித்தே எழுதியது. அந்த மாதம் நான் கேட்டதும் லீவு கிடைத்தது. அந்த லீவில்தான் உங்கள் அம்மாவைப் பெண் பார்க்கப் போனேன்.

பெரியவளே, நீ லீவு கேட்டதும் அவர்கள் இல்லையென்றதும் எங்காவது எழுத்தில் இருக்கும். தேடி எடுத்துக்கொண்டு போய்க் கேள். ஏதாவது ஒன்று செல்லாமல் போனால் வீட்டுக்குக் கொண்டு வா. இந்த நூலில் இன்னும் இடம் இருக்கிறது.